போண்டாவின் பல்

சீர் வண்டியிலிருந்து பீரோ இறங்கியது, கட்டில் இறங்கியது, ஃபிரிட்ஜ் இறங்கியது. மண்ணரை ஊருக்குள் இதையெல்லாம் யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. கடைசியாக மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று நாலு பேர் கையில் ஆடி ஆடி இறங்கியபோதுதான் வீதியே வாசலுக்கு வந்தது. தொட்டியில் குடியிருக்கப் போகிறவன் தனியாக வந்தான். புதுப்பெண் நித்யஸ்ரீ ஒரு கையில் விளக்கும் மறு கையில் தண்ணீர் கட்டிய பாலிதீன் பையுமாக வலது காலை எடுத்து வைத்தாள். பைக்குள் கட்டைவிரல் நீளத்தில், மஞ்சளும் பழுப்புமாகக் கோடு போட்ட ஒரு மீன், ஒரு கண்ணால் வாசலையும் மறு கண்ணால் மாமியாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

“இதென்ன கண்ணு, கெண்டைக் குஞ்சா?” என்றாள் மாமியார் சாரதாமணி.

“இல்லீங்கத்தை. பேத்தை மீனுங்க. கடல்ல இருக்கறது இல்ல, இது ஆத்துத் தண்ணி வகை. இன்னும் குட்டிதான். பயந்தாத் தண்ணியக் குடிச்சு உருண்டையா உப்பிக்கும். அதனால போண்டான்னு பேரு வெச்சிருக்கறனுங்க.”

சாரதாமணி மீனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். “சீர்ல பலகாரம் வரும்னு தெரியும். அதுக்கு உசுரு குடுத்து அனுப்புவாங்கன்னு தெரியாது,” என்று சொல்லிவிட்டு ஆரத்தித் தட்டை மீனுக்கும் சேர்த்தே சுற்றினாள்.

மாப்பிள்ளை வேல்குமார் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற பிரிவுக்கு இன்சார்ஜ். அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு விட்ட தையல் கப்பலேறியதில்லை என்று கம்பெனியில் பேச்சு. அந்தக் கண்ணை அவன் சாயங்காலம் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வரலாம், வரமாட்டான். இட்லியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துத்தான் சாப்பிடுவான். முகூர்த்த நேரத்தில் ஐயர் துண்டில் இழை விட்டிருந்ததைக் கவனித்தவன் அவன். தாலி கட்டும்போது பெண் அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது. இருபத்தெட்டு ஜாதகம் தட்டிப்போய் முப்பத்து மூன்று வயதில் வாய்த்த மனைவி. அவள்மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். அதை வாய்விட்டுச் சொல்வதற்குத்தான் அவனிடம் படிவம் எதுவும் இல்லை.

கல்யாணம் நடந்தது வைகாசியில். இரண்டு மாதம் கண் மூடித் திறப்பதற்குள் ஆடி வந்து நின்றது. ஆடியில் புதுப்பெண் தாய் வீட்டில்தான் இருக்க வேண்டும், ஆவணி பிறக்கும் வரை புருஷன் வீட்டுப் படியேறக் கூடாது. நித்யாவின் தாய் வீடு ஊத்துக்குளி. பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஆடியில் அது அமெரிக்காவுக்கும் அந்தப் பக்கம். அழைத்துப் போக அவள் அப்பாவும் அம்மாவும் வந்து கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்க, அவள் தொட்டியின் பக்கத்தில் நின்று புருஷனுக்குப் பாடம் சொன்னாள்.

“இதைக் கூட்டீட்டுப் போக முடியாதுங்க. இந்தத் தண்ணிக்கு இப்பத்தான் பழகியிருக்குது. வாரத்துல ரெண்டு நாள் மூணுல ஒரு பங்கு தண்ணிய மாத்தோணும். புதுத் தண்ணியில மருந்து ரெண்டு சொட்டு உட்டு, அப்புறம் ஊத்தோணும். கண்ணாடியத் தட்டாதீங்க. உப்ப வெச்சு வேடிக்கை பாக்காதீங்க, அது அதுக்குப் பெரிய அவஸ்தைங்க. துணைக்குன்னு வேற மீன் எதையும் உட்றாதீங்க, வாலக் கடிச்சுத் துப்பீரும். தெனமும் ஃபிரிட்ஜுல உறைய வெச்சிருக்கற ஐஸ் புழு ஒரு துண்டு. வாரத்துக்கு மூணு தடவை நத்தை. மொட்டை மாடில பெயிண்ட் பக்கெட்டுல இருக்குதுங்க.”

வேல்குமார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். எழுதியதை அவன் தொழில் முறைப்படி தரம் பிரித்தான். தண்ணீர் மாற்றுவது மேஜர். புழு மேஜர். நத்தை மைனர். புழு சாப்பாடு என்றால் நத்தை முறுக்கு மாதிரி ஒரு நொறுக்குத் தீனி என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்பதற்கு வாய் வேண்டும்.

கிளம்பும்போது நித்யா கண்ணைத் துடைத்தாள். “இதைப் பாத்துக்கங்க,” என்றாள். அழுகை மீனுக்கா தனக்கா என்று வேல்குமாருக்குப் பிடிபடவில்லை. பாதியை உத்தேசமாகத் தன் கணக்கில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை துணி காயப்போட மாடிக்குப் போன சாரதாமணி பக்கெட்டோடு இறங்கி வந்தாள்.

“சாமி, இத்தன நாள் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். இனி ஆகாது. உனக்குக் கல்யாணம் ஆனா, அடுத்த ஆடி ஒண்ணுல இருந்து கிருத்திகை வரைக்கும் இந்த ஊட்ல ஒரு உசுரு போகாமப் பாத்துக்கறேன், கிருத்திகையன்னிக்குச் சிவன்மலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கறேன்னு வேண்டியிருக்கறேன். கூடத்துல அவன் படத்துக்கு எதுத்தாப்பல வெச்சு உசுரோட நத்தையக் கடிச்சுத் திங்குதே, அது அடுக்குமா?”

“அப்ப ஐஸ் புழுங்கம்மா?”

“அது கடையிலயே செத்துருச்சு. அந்தப் பாவம் கடைக்காரனுக்கு. தயிருக்குப் பக்கத்துல மட்டும் வெக்காத.”

அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை என்று வேல்குமாருக்கு உறவில் நல்ல பெயர். அந்தப் பெயரை வாங்க அவன் இதுவரை செய்ததெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான். அன்றும் இருந்தான். “எங்கியாச்சும் உட்டுட்டு வந்தர்றேன்,” என்று சாரதாமணி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று மாலையிலிருந்து நித்யாவுக்கு வாட்ஸ்அப்பில் அறிக்கை போகத் தொடங்கியது. ‘தண்ணீர்: OK. வெப்பம்: 27. நிறம்: OK. தீனி: OK. குறை: இல்லை.’ கப்பலுக்கு அனுப்புகிற பெட்டிக்கு மேல் ஒட்டுகிற சீட்டு மாதிரி தினமும் ஒன்று. “நத்தை சாப்புட்டுச்சாங்க?” என்று அவள் கேட்டால் அதற்கும் ஓர் OK. மைனர்தானே என்று அவனுக்கு அவனே சமாதானம். அப்புறம் போனில் பேசுவார்கள். “சாப்டியா?” என்பான். “ம், நீங்க?” என்பாள். “வேற ஒண்ணும் இல்லியே? சரி, வெச்சர்றேன்,” என்று வைத்துவிடுவான்.

வைத்துவிட்டு நேரே தொட்டிக்குப் போவான். அங்கே மட்டும் அவனுக்கு எப்படியோ வாய் வரும். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டதும் மீன் மணலிலிருந்து எழுந்து கண்ணாடிக்கு வந்து, சின்ன ரெக்கைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று பார்க்கும். புழுவுக்காக நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும். வேல்குமார் தன் பேச்சைக் கேட்க நிற்கிறது என்று எடுத்துக்கொண்டான். “அவ இல்லாம ஊடே வெறிச்சுனு இருக்குதுடா. நேத்துப் போன்ல சிரிச்சா. அதை நெனச்சுட்டே இன்னிக்கு ஒரு லாட்டுப் பனியன்ல ஓட்டைய உட்டுட்டேன், நல்லவேளை கூட வேலை செய்யற புள்ள ஒண்ணு பாத்துச் சொல்லுச்சு,” என்று சொல்வான். போண்டா ஒரு கண்ணால் அவனையும் மறு கண்ணால் புழு டப்பாவையும் பார்க்கும். சமையலறையில் வெங்காயம் உரிக்கும் சத்தம் சற்று நின்று பிறகு தொடரும்.

ஆடி இருபதில் மீன் புழுவைக் கவ்வித் துப்பியது. மறுநாளும் துப்பியது. வேல்குமார் பதறிப்போய்த் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தொடங்கினான். சாயப்பட்டறை நண்பனிடம் காகிதம் வாங்கிவந்து தண்ணீரைச் சோதித்தான், சரியாக இருந்தது. நிறம் மங்கியிருக்கிறதோ என்று கம்பெனியின் ஷேடு அட்டையைக் கொண்டுவந்து தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்து, டியூப்லைட்டில் ஒரு முறையும் வெயிலில் ஒரு முறையும் ஒப்பிட்டுப் பார்த்தான். வீட்டில் மீன் வளர்ப்பவர்களில் இதைச் செய்த முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். அன்று அறிக்கையில் ‘தீனி: OK’ என்று எழுதும்போது விரல் கொஞ்சம் நின்றது. ஆனாலும் எழுதினான்.

ஆடி இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் புழுவை இடுக்கியில் பிடித்துத் தண்ணீருக்குள் காட்டியபோது போண்டா பாய்ந்து வந்தது. வாய் திறக்கவில்லை. திரும்பவும் பாய்ந்தது. அப்போதுதான் பார்த்தான். மேல் பல் வளர்ந்து, தேங்காய்த் துருவியின் நாக்கு மாதிரி கீழ் உதட்டைத் தாண்டி இறங்கியிருந்தது. புழு உள்ளே போக வழியில்லை. வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாக, கட்டைவிரல் நீள மீன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

செல்போனில் தேடினான். இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இந்த ஜாதி மீனுக்குப் பல் நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும், நத்தை ஓட்டைக் கடித்துக் கடித்துத்தான் அது தேயும். நத்தை முறுக்கு இல்லை, அரம். அரை அங்குல நூல் தொங்கினால் முந்நூறு பனியன் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறவன், தினமும் முகத்துக்கு நேராக வளர்ந்த பல்லைப் பார்க்காமல் இருபத்து மூன்று நாள் கையெழுத்துப் போட்டிருக்கிறான். வேல்குமாருக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. மீன் செத்துப்போகும் என்ற பயம் பாதி. அவள் தன்னிடம் விட்டுப்போனது இது ஒன்றைத்தான் என்ற பயம் மீதி.

அன்றைய அறிக்கையைக் காலையிலேயே அனுப்பினான். ‘மீன் அஞ்சு நாளா சரியாச் சாப்பிடல. பல் வளந்துருச்சு. உசுரு போகக் கூடாதுன்னு அம்மாவுக்கு வேண்டுதல், அதனால ஆடி ரெண்டுல இருந்து நத்தை போடல. உங்கிட்ட OK சொன்னதெல்லாம் பொய். குறை: என்னுது.’

அடுத்த நொடி வீடியோ அழைப்பு வந்தது. நித்யா திட்டவில்லை. மீனைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

“வாங்கும்போதே பல்லு கொஞ்சம் நீளமாத்தான் இருந்துச்சுங்க. நத்தை போட்டுத்தான் தேய வெச்சுட்டு இருந்தேன்,” என்றாள். பிறகு, “இருவத்தி மூணு தடவை OK போட்டீங்களே,” என்றாள்.

“ஆமா.”

“நான் அதை நம்பித்தான் நிம்மதியாத் தூங்குனேன்.”

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

“இனி நத்தை போட்டும் பிரயோஜனம் இல்லை. வாயே தொறக்காது. வெட்டித்தான் உடோணும். நான் இப்பவே வர்றேன்,” என்றாள். பின்னால் அவள் அம்மா, ஆடியில எங்கடி போற என்று போட்ட சத்தம் மண்ணரை வரை கேட்டது. இந்த முனையில் சாரதாமணி ஈரக் கையோடு வந்து மகனிடமிருந்து போனை வாங்கினாள்.

“நீ வர வேண்டாம் அம்மிணி. ஆடியில நீ படியேறி நாளைக்கு உங்களுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட எனக்கு மனசு ஆறாது. என்ன வெட்டோணும், எதுல வெட்டோணும்னு சொல்லு.”

“அத்தை, வெட்டறப்ப அது செத்துப்போச்சுன்னா உங்க வேண்டுதல்...”

“நீ சொல்லு கண்ணு.”

சாரதாமணி இருபது வருஷம் பனியன் கம்பெனியில், தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்டியவள். வேல்குமாரின் அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்தது அந்த வேலைதான். மகன் இன்சார்ஜ் ஆன பிறகும் பக்கத்து யூனிட்டிலிருந்து பனியன் மூட்டை வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறாள். கை சும்மா இருந்தால் வாய் அதிகமாகிறது என்பது அவளே சொன்ன காரணம். அதற்கென்று வைத்திருந்த, விரலுக்குள் அடங்குகிற டிரிம்மர் என்ற சின்னக் கத்தரிகளில் புதிதாக ஒன்றை எடுத்து வெந்நீரில் போட்டாள்.

வேல்குமார் மருந்துக் கடைக்கு ஓடி, மீனை மயக்கக் கிராம்பு எண்ணெய் வாங்கி வந்தான். நித்யா சொல்லச் சொல்ல, ஒரு சொட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் குலுக்கி, தொட்டித் தண்ணீர் மொண்டு வைத்த டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். மீனை வலையில் தூக்காமல் கிண்ணத்தில் தண்ணீரோடு மொண்டு அதில் விட்டார்கள். “வெளிய தூக்குனாக் காத்தக் குடிச்சு உப்பிரும் அத்தை, அப்புறம் அது எறங்கறது கஷ்டம்,” என்றாள் நித்யா. பிடிக்க மெத்தென்ற துணி வேண்டும் என்றதும் வேல்குமார் மூன்று துண்டுத் துணி கொண்டுவந்தான். சாரதாமணி கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து இரண்டைத் தள்ளினாள். “இது உரசும். இது சாயம் உடும். இது குழந்தைத் துணி, இதைக் குடு.”

போண்டா மெல்லச் சாய்ந்தது. வேல்குமார் ஈரத் துணியில் அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்தான்.

“உன்ற கை ஏண்டா இப்படி ஆடுது? நீ போனைப் புடி, அது போதும்,” என்றாள் அம்மா.

இடக்கையில் மீனை வாங்கி, வாய் மட்டும் தெரிகிற மாதிரி திருப்பினாள். மூக்குக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள். “எவ்வளவு அம்மிணி?”

“கீழ்ப் பல்லுக்குச் சமமாங்கத்தை. ஒரே தடவைல வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா.”

சாரதாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டிக் என்று ஒரு சத்தம். இன்னொன்று. மூன்றாவது. மிளகு உடைத்த துணுக்கு மாதிரி ஏதோ தண்ணீரில் இறங்கியது. “முடிஞ்சுது,” என்று மீனைத் தொட்டித் தண்ணீருக்கு மாற்றினாள். லட்சம் பனியனில் துணியைத் தொடாமல் நூலை மட்டும் வெட்டிய கை அது, உதட்டில் ஒரு கீறல் இல்லை.

போண்டா அசையவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. சாரதாமணி உள்ளங்கையில் வைத்துத் தண்ணீருக்குள் முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தினாள். போனில் நித்யாவின் முகம் உறைந்திருந்தது, சிக்னல் போய்விட்டதா என்று வேல்குமார் பார்த்தான், போகவில்லை. அவனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு அரை நிமிடம். பிறகு ஒரு கண் உருண்டது. கொஞ்சம் கழித்து மறு கண்ணும் அதன் போக்கில் வேறு பக்கம் உருண்டது. சாரதாமணி, “போய்க் குளிச்சுட்டு வர்றேன்,” என்று எழுந்தாள்.

பொழுதோடு ஒரு சின்ன நத்தை கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாள் நித்யா. மணி ஐந்துக்கு வேல்குமார் பைக் சாவியை எடுத்தான்.

“எங்க போற?”

“நத்தைக்குங்கம்மா. கடையில கேட்டுப் பாக்கறேன். வேண்டுதல் முடிய இன்னும் மூணு நாள் இருக்குது, தெரியும். மாடில, சாமி கண்ணுல படாம வெச்சு...”

சாரதாமணி பின்கட்டுக்குப் போனாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால், பழைய சிமெண்டுத் தொட்டியின் மேலிருந்த பலகையை நகர்த்தினாள். உள்ளே பாசித் தண்ணீரில், நறுக்கிய கீரைத் தண்டுகளின்மேல், குன்றிமணி அளவிலிருந்து கோலிகுண்டு அளவு வரை நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பக்கெட்டில் இருந்ததைப்போல் நாலு மடங்கு.

“உட்டுட்டு வர்றேன்னு சொன்னீங்க?” என்றான் வேல்குமார்.

“நொய்யல் ஆத்துல உடலாம்னுதான் போனேன். அந்தச் சாயத் தண்ணியப் பாத்ததும் மனசு கேக்கல, திரும்பக் கொண்டாந்துட்டேன். நீ மட்டும்தான் OK சொல்லுவியா?” அவள் குனிந்து தேடினாள். ஒன்றை எடுத்தாள், திரும்ப வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், அதையும் வைத்தாள். “தெனமும் கீரை போட்டுப் போட்டு எல்லாத்துக்கும் மூஞ்சி தெரிஞ்சு போச்சு.”

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கையில் பட்ட ஒன்றை டம்ளரில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தொட்டிக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் சற்று நேரம் நின்றாள். வேல்குமார் போனில் நித்யாவை அழைத்துத் தொட்டிக்கு நேராகப் பிடித்தான்.

“உசுரு போகாமப் பாத்துக்கறேன்னு வேண்டுனேன். நத்தையப் போட்டா நத்தை போகுது. போடாட்டி மீனு போகுது. பட்டினி போடறதும் கொல்றதுதான. எதுடா சரின்னு காலைல இருந்து முருகன் மூஞ்சியவே பாத்துட்டு நின்னேன். அவன் வாயத் தொறக்கல. இந்த மீனுதான் தொறந்துது.” டம்ளரை மகனிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “போடு.”

நத்தை மணலில் இறங்கியது. போண்டா தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது, சுற்றி வந்து மறு கண்ணால் பார்த்தது. பிறகு பாய்ந்தது. கண்ணாடியைத் தாண்டி, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, நறுக் என்றது.

போனில் நித்யா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்த முறை எதற்கு என்று வேல்குமார் பங்கு பிரிக்கவில்லை.

“நித்யா,” என்றான். அதற்கு மேல் எப்போதும்போல நின்றுவிட்டது. தொட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். “மீனு நல்லாருக்குது. வேற... வேற ஒண்ணும்...”

சாரதாமணிக்குப் பொறுக்கவில்லை. “ஏஞ்சாமி, அவ இல்லாம ஊடே வெறிச்சுனு இருக்குதுன்னு இருவத்தஞ்சு நாளா மீனுகிட்டச் சொன்னயே. போன்ல சிரிச்சத நெனச்சுட்டு ஓட்டைய உட்டேன்னயே. வெங்காயம் உரிக்கறவளுக்கு அத்தனையும் கேட்டுது. கேக்க வேண்டியவளுக்கு ஒண்ணு கேட்டுச்சா?”

போனில் அழுகை நின்றது. “அப்பிடியாங்க சொன்னாரு?” என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

வேல்குமாரின் காது சிவந்துபோனது. சாரதாமணி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். விபூதியை அள்ளி நெற்றியில் பூசிக்கொண்டு படத்தின்முன் போய் நின்றாள்.

“முருகங்கிட்ட நான் பேசிக்கறேன். நீ உன்ற பொண்டாட்டிகிட்டப் பேசு.”

வேல்குமார் நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்தான். பிறகு அதைத் திருப்பி, மீனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான். அன்று அவன் வெச்சர்றேன் என்று சொல்லவே இல்லை.